வாய்க்கால் தண்ணி ஊசி

தேவாரம் ஊர் அக்கம்மாள் வாயைத் திறந்தால் பக்கத்துத் தெருக்காரர்களும் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். அவள் வீட்டுக்காரர் ஒச்சாண்டியோ எதையும் நம்பும் வெள்ளந்தி. அவருக்கு விட்டுவிட்டு வரும் மலைக்காய்ச்சல். ஊசி டாக்டர் சுந்தர்ராஜ் ஒரு குத்துக் குத்திவிட்டு, கூலியாகக் கறவை எருமையை ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் அதே டாக்டர் மருந்துப் புட்டியை வாய்க்காலில் முக்கி நிரப்புவதை, துணி துவைக்கப் போன அக்கம்மாள் பார்த்துவிட்டாள்.

வேறொருத்தியாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருப்பாள். இவள் உத்தமபாளையம் கோர்ட்டில் மோசடி வழக்குப் போட்டாள். எருமை வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். போலீசார் புட்டியைக் கைப்பற்றினார்கள். அதில் இருப்பது உயர்ந்த மருந்து என்று டாக்டரின் வக்கீல் சாதித்தார்.

கெடுத்தது ஒச்சாண்டிதான். முதல் விசாரணை, காய்ச்சல் விட்டிருந்த நாளில் வந்தது. ஆள் திடமாகக் கூண்டில் ஏறி, "ஊசி போட்டாக, எந்திரிச்சு உக்காந்தேன் எசமான். டாக்டரு கைராசிக்காரரு" என்றார்.

வெளியே வந்ததும் அக்கம்மாள் பிடித்துக்கொண்டாள். "இந்தா மனுசா, எருமையக் குடுத்தது பத்தாதுன்னு கேசையும் குடுத்துட்டு வாரியா?"

டாக்டரின் வக்கீலுக்கு வாய்தா வாங்குவதில் தனி ருசி. ஜெயிக்கிற கேசிலும் ஆசைக்கு ஒன்று வாங்கினார். வினை அங்கேதான் பிடித்தது.

வாய்தா நாள் காய்ச்சல் வரும் நாளாக விழுந்தது. ஒச்சாண்டி நடுங்கிய நடுக்கத்தில் சாட்சிக் கூண்டே கடகடவென்று ஆடியது. அப்போதும் அவர் டாக்டரை நோக்கித்தான் கையை நீட்டினார். "அய்யா, அந்த ஊசியவே இன்னொண்ணு போடுங்கய்யா."

மாஜிஸ்திரேட் மேஜைமேல் இருந்த புட்டியைக் காட்டினார். "டாக்டர் நீரும் இருக்கிறீர், மருந்தும் இருக்கிறது. போடுமே!"

சுந்தர்ராஜ் புட்டியைப் பார்த்தார். பல் கிட்டிப்போய் நின்ற மனிதரைப் பார்த்தார். "வேணாம் எசமான், இதுல ஒண்ணுமில்ல. சர்க்கார் ஆஸ்பத்திரியில கொயினா மாத்திரை குடுப்பாக, சீக்கிரம் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க!" என்று கத்தினார். வக்கீல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

டாக்டருக்கு அபராதம், அக்கம்மாளுக்கு எருமை. கொயினா தின்று பிழைத்த ஒச்சாண்டி மட்டும் மாறவில்லை. "பாத்தியா, தன் கேசையே கெடுத்துக்கிட்டு என்னயக் காப்பாத்துனாக" என்றார்.

கதை சொல்கிற எனக்கும் அந்த டாக்டர்மேல் அந்த இடத்தில் கொஞ்சம் பிரியம் வந்துவிட்டது. அக்கம்மாள் எருமையைக் கறந்தாள். செம்பை நிரப்பிப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோய் அந்த ஆளுக்குக் குடு. தண்ணி கலக்காததுன்னு சொல்லிக் குடு."