மெதுவாக நடந்து வரும் மனிதன்

ஷார்ஜா தொழிற்பேட்டையில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்கு, மிகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார் அவர். சட்டையெல்லாம் கட்டட சைட் தூசி. ஆனால் கீபோர்டைத் தொடும் ஒவ்வொரு முறையும் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"மெமரி பத்தல, கொஞ்சம் கூட்டிக் குடுங்க" என்றார். நான் வேகத்தையும் சேர்த்துக் கூட்டும் கார்டைப் போட்டேன். அவர் கேட்காத உதவி.

அவர் ஒரு புரோகிராமை ஓட்டினார். சாப்பாட்டுப் பையோடு ஒரு மனிதன் வீட்டை நோக்கி நடக்கிற படம். கண் மூடித் திறப்பதற்குள் வாசலில் நின்றான்.

"இந்தக் கார்டு வேண்டாம் பிரதர்."

"ஏன் சார்? நல்லா ஸ்பீடா ஓடுதே."

"எம் மகன் சின்ன வயசுல எழுதுனது. அதுல டியூட்டி முடிஞ்சு நான் வீட்டுக்கு வர்றேன். பஸ் லேட்டாகும்ல, அதான் மெதுவா நடக்க வச்சிருக்கான்." கைக்குட்டையை மடித்தார். "அவன் தவறி நாலு வருஷமாச்சு. நான் போய்ச் சேர்ற வரைக்கும் அவன் உள்ள காத்திருக்கிற மாதிரி இருக்கும்."

மெமரியை மட்டும் கூட்டும் கார்டை மாற்றிப் போட்டேன். அவர் மறுபடி ஓட்ட, அந்த மனிதன் வீடு சேரும்வரை நாங்கள் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போதெல்லாம் வேகம் கூட்டச் சொல்லி யார் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாலும், அதில் யாராவது நடந்து வருகிறார்களா என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.