வீட்டிலேயே இருந்தவர்கள்

வரலாறு என்னுடைய பாடம். சின்னமனூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பெரிய வகுப்புகளுக்கு அதைத்தான் நடத்துகிறேன். ஆனாலும் என் அப்பா ஒருநாள்கூட என்னிடம் வரலாற்றில் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தலைத் தாண்டி அவருக்கு எதிலும் அக்கறை கிடையாது என்றே நினைத்திருந்தேன். மழை வருமா, மருந்து அடிக்கணுமா, கொடியை வெட்டிவிடும் கவாத்துக்கு ஆள் கிடைக்குமா, இவ்வளவுதான் வீட்டில் பேச்சு. அதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அவர் இன்னொருத்தியிடம் கேட்க ஆரம்பித்த பிறகுதான் வயிறு எரிந்தது.

அந்த இன்னொருத்தி என் தங்கை. போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பையனை விரும்பி, ஞானஸ்நானம் வாங்கி, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா போகவில்லை. வெகுநாள் அவள் பெயரை எடுத்தாலே எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். அம்மா இறந்தபின் அப்பாவைப் பார்த்துக்கொண்டது நானும் என் கணவரும்தான். அவருக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்தது, கோபத்தில் சாப்பிடாமல் கிடந்தபோது தட்டோடு பின்னால் போனது, தங்கைக்குப் போன் போட்டு "இப்பக் கொஞ்சம் பரவாயில்ல" என்று தகவல் சொன்னது, எல்லாம் நான்.

தங்கைக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனபோது அப்பா மனசு கேட்காமல் போடிக்குப் போனார். அங்கே அவளுடைய மாமனார் அவரைப் பிடித்துக்கொண்டார். கடையை மகனிடம் விட்டுவிட்டு, சபையில் பெரியவர்களுக்கு வேதபாடம் எடுப்பவர் அவர். இறையியல் படித்தவர். நன்றாகப் பேசுவார், கேட்கவும் தெரியும். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியமானால் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போடி பஸ் ஏறிவிடுவார்.

ஒரு ஞாயிறு திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"ஏத்தா, இயேசுசாமி யூதருதானாமுல்ல?"

"ஆமாப்பா."

"கடைசி வரைக்கும் யூதருதானாம். ஓய்வுநாள்னா அவுகளும் ஜெபக்கூடத்துக்குத்தான் போயிருக்காக. பஸ்கா பண்டிகைதான் கொண்டாடியிருக்காக. கூட இருந்தவுக அத்தனை பேரும் யூதருதான். அவரு போன பெறகும் எருசலேம் கோயிலுக்குப் போயித்தான் கும்பிட்டிருக்காக. புது மதம் ஆரம்பிக்கிறோம்னு ஒருத்தரும் சொல்லலையாம். சின்னவ சொன்னா."

சின்னவள் சொன்னாளாம். அவள் படித்தது பி.காம். நான் எம்.ஏ. வரலாறு. ரோமப் பேரரசை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறவள் நான். அடுப்பை அணைத்துவிட்டு அவருக்குத் தட்டு வைத்தேன்.

அடுத்த வாரம் பேச்சு திராட்சைக்கு ஒட்டுக்கட்டுவதில் வந்து நின்றது. முதல் சபைகளுக்குக் கடிதம் எழுதிய பவுல் என்ற யூதர், தன் நிருபம் ஒன்றில் ஓர் ஒலிவ மரத்தைப் பற்றி எழுதியிருப்பதைச் சம்பந்தி சொல்லியிருக்கிறார். யூதர்கள் நல்ல மரம், வெளியிலிருந்து வந்த மற்ற ஜனங்கள் காட்டு மரத்துக் கிளை, அந்தக் கிளையைக் கொண்டுவந்து நல்ல மரத்தில் ஒட்டியிருக்கிறது என்று. அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நாம காட்டுக்கொடிய வேருக்கு வச்சு, நல்ல கொடிய மேல ஒட்டுவோம். பவுலு தலைகீழா ஒட்டுறாரே சம்பந்தின்னேன். 'அது இயற்கைக்கு மாறுதான்னு அவரே சொல்லியிருக்காரு சம்பந்தி'ங்கிறாக. சின்னவ உளுந்து உளுந்து சிரிக்கா."

இந்தப் பகுதியை நான் கல்லூரிக் காலத்திலேயே படித்திருந்தேன். எங்கள் பந்தலுக்கடியில், அப்பா வேலை செய்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்து படித்தேன். அதை அப்பாவிடம் சொல்லலாம், அவர் சிரிப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் எவ்வளவு சுலபமாக அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டாள் என்று நினைத்து நினைத்துப் புழுங்கினேன். அதன்பின் பள்ளி நூலகத்திலும் மதுரையில் வாங்கிய புத்தகங்களிலும் முதல் சில நூற்றாண்டுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அறிவுத் தாகம் என்று என் கணவர் பாராட்டினார்.

மாசியில் குலசாமி கும்பிடு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாகத் தங்கை வருகிறாள் என்றும், சம்பந்தியும் கூட வருகிறார் என்றும் அப்பா சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சின்னவ படையல் சாப்பிட மாட்டா. சாமிக்குப் படைக்க முந்தியே அவளுக்குத் தனியா ஒரு சட்டியில ஆக்கி வச்சுரு ஆத்தா."

ஆக்கினேன். ஊருக்கே பொங்கலும் கறியும் ஒரு பக்கம் வெந்துகொண்டிருக்க, அவளுக்கென்று தனியாகச் சோறும் கோழிக்குழம்பும். புகையில் கண் எரிந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு இது பிடிக்கும், இது பிடிக்காது என்று யாராவது ஒரு சட்டி தனியாக வைத்திருக்கிறார்களா என்று யோசித்தேன். விட்டுப் போனவளுக்குத் தனிச் சட்டி. இருக்கிறவளுக்குக் கரண்டி.

பந்தியில் இலைகள் போட்டாயிற்று. சம்பந்தி வரிசையைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிறாற்போல் பேசினார்.

"எங்க முதல் பெரிய சண்டையே இலையிலதான் சம்பந்தி. அந்தியோக்கியாங்கிற ஊருல யூத விசுவாசியும் மத்த ஜனத்திலிருந்து வந்தவுகளும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டாக. எருசலேமிலிருந்து யூத முறையில கண்டிப்பான சில ஆளு வந்ததும், இயேசுசாமி கூடவே இருந்த பேதுரு மெல்ல எந்திரிச்சுத் தனியாப் போயிட்டாரு. பவுல் முகத்துக்கு நேரா வஞ்சுபுட்டாரு."

"அப்ப மதம் பிரிஞ்சதே சோத்துலதானா?" என்றார் அப்பா. சுற்றிலும் சிரிப்பு.

எனக்குப் பொறுக்கவில்லை. கையில் குழம்பு வாளியோடு நடுப்பந்தியில் நின்றபடியே பேச ஆரம்பித்தேன். அங்கே மதம் பிரியவில்லை என்றேன். எழுந்து போனவர் யூதர், வைதவரும் யூதர். வெளியிலிருந்து வருகிறவன் விருத்தசேதனம், அதாவது சுன்னத்து, செய்ய வேண்டுமா, மோசேயின் சட்டப்படி சாப்பிட வேண்டுமா என்பது ஒரு வீட்டுக்குள் நடந்த சண்டை. ரோமர்கள் எருசலேம் கோயிலை இடித்தபின், கோயில் இல்லாமல் எப்படி வாழ்வது என்ற கேள்வி எல்லா யூதருக்கும் வந்தது. ஒரு கூட்டம் வேதத்தையும் அதைப் போதித்த ஆசான்களையும் பிடித்துக்கொண்டது. இன்னொன்று இயேசுவைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகும் சட்டென்று பிரியவில்லை. பஸ்கா நாளிலேயே ஈஸ்டர் கொண்டாடிய கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். சில நூற்றாண்டு கழித்துக்கூட, யூதர் பண்டிகைக்குப் போகாதீர்கள் என்று பிரசங்கிகள் சபையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் போகாமலா திட்டினார்கள்?

மூச்சு வாங்க நிறுத்தினேன். எதிர்வரிசையில் ஒரு பெரியப்பா, "கொழம்பு ஆறுது ஆத்தா" என்றார்.

அப்பா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா சம்பந்தி சொன்னாகன்னா கண்ணு முன்னால நடக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

சம்பந்திதான் என்னைக் காப்பாற்றினார். கை கழுவப் போகும்போது என்னிடம் வந்து, "டீச்சர், எங்க ஆளுகளுக்கு இதத் தெரிஞ்சவுக வந்து சொல்லணும். நம்ம சபையில ஒருநாள் பேசுங்க" என்றார். அவருடைய நல்ல மனசுமீதுகூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார்.

கேட்டார். ஆனால் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு ஊர்ப்பெயருக்கும் அவள் காதில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் மேடையில் சொல்ல, அவள் அவருக்கு விளக்கினாள். தயாரித்து வந்த பேச்சு எனக்குக் கையை விட்டுப் போனது. வேறு ஒன்றைப் பேசினேன்.

போனவர்களின் கதையை எல்லோரும் சொல்கிறோம், வீட்டிலேயே இருந்தவர்களின் கதையை யார் சொல்கிறார்கள் என்று கேட்டேன். "உங்கள் கையில் இருக்கும் வேதத்தில் பெரும்பகுதி அந்த யூதர்களுடையது. சங்கீதப் புத்தகம் அவர்களுடையது. அதற்குப் பழைய ஏற்பாடு என்று பெயர் வைத்திருக்கிறோம். யாருக்குப் பழையது? அவர்கள் இன்றைக்கும் வாரா வாரம் அதைத்தான் வாசிக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் சொத்தை எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. இனிமேல் பிள்ளை நாங்கள்தான், நீங்கள் தள்ளப்பட்டவர்கள் என்றும் சொன்னார்கள். அதிகாரம் கைக்கு வந்தபின் அந்தச் சொல் அவர்களை எவ்வளவு அடித்தது என்பதும் வரலாறுதான்."

பின்வரிசையில் ஏலக்காய் வியாபாரி ஒருவர் எழுந்தார். "அவுக ஆண்டவர ஏத்துக்கலையே டீச்சர். அதனாலதான?"

"ஏத்துக்கிட்டவுகளும் யூதர்தான் ஐயா, ஏத்துக்காதவுகளும் யூதர்தான். ஒரு வீட்டுல ஒருத்தி கெளம்பிப் போனா, இருக்கிறவ வேற ஆளாயிருவாளா? அவ விளக்கேத்திக்கிட்டுத்தான் இருந்தா. அவள ஒருத்தரும் திரும்பிப் பாக்கல."

நான் 'அவள்' என்று சொன்னதைக் கூட்டம் கவனித்ததா தெரியவில்லை. சம்பந்தி எழுந்து நன்றி சொல்லி ஜெபத்தோடு முடித்தார்.

பிறகு அவர்கள் வீட்டில் டீ. ஆண்கள் முன்னறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் தங்கை பால் காய்ச்சிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"நீ யூதருக்காகப் பேசலக்கா."

"பெறகு?"

"எனக்குத் தெரியாதா?"

நான் தம்ளர்களை அடுக்கினேன். பால் பொங்கி வந்தது, அவள் தீயைக் குறைத்தாள்.

"அப்பா என்கிட்டக் கேட்டுக்கிட்டே இருக்காகல்ல, அது உனக்குப் பொறாமையா இருக்கு. எதுக்குக் கேக்காக தெரியுமா? எங்கிட்டப் பேச வேற ஒண்ணும் இல்லக்கா. தோட்டத்துல என்ன, மோட்டார் ஓடுதா, ராத்திரி தூங்குனாகளா, எல்லாம் உனக்குத்தான் தெரியும். எங்கிட்ட வந்தா விருந்தாளி மாதிரி உக்காருறாக. வேதத்தப் பத்திக் கேட்டாத்தான் ரெண்டு மணி நேரம் இங்கன இருக்கலாம்னு கேக்காக. அன்னைக்குத் தனிச்சட்டி வச்சியே. அதுல எனக்குச் சோறு எறங்கல. நம்ம வீட்டுல எனக்குத் தனிச்சட்டி. நீங்க எல்லாரும் ஒரே பானையில சாப்பிட்டீக."

"நீதான படையல் வேண்டாம்ன?"

"வேண்டாம்தான். அது வேற. அதுக்காக எனக்கு ஆசையா இருக்காதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. டீயை ஆற்றினாள். எனக்கு இரக்கம் வந்தது உண்மை. அதற்கு முன்னால் ஒரு சந்தோஷம் வந்ததும் உண்மை. என்னைப் பார்த்து ஒருத்தி ஏங்கியிருக்கிறாள், அதுவும் இவள்.

பவுல் தன் யூத ஜனத்தைப் பற்றி எழுதும்போது, வெளியாட்கள் உள்ளே வந்ததைப் பார்த்து அவர்களுக்குப் பொறாமை வரும், அந்தப் பொறாமையே அவர்களைத் திரும்ப அழைத்து வரும் என்று நம்பினார். அதைப் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பொறாமைப்படுகிறவர்களை அழைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை, அவர்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கிறார்கள் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். இளையவளும் பொறாமைப்படுவாள் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. கிறிஸ்தவர்களுக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கும் என்று அந்த அடுப்படியில்தான் தோன்றியது. அத்தனை பிரசங்கம் செய்து தடுத்தும் சபை ஜனம் யூதர் பண்டிகைக்குப் போனது வேடிக்கை பார்க்க மட்டும் இருக்காது. பழைய வீட்டுச் சத்தம் கேட்டிருக்கும்.

இதைத் தங்கையிடம் சொன்னேன். "இத மேடையில சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"நீ இப்பத்தான சொன்ன."

இருவரும் டீயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனோம். அப்பா, சம்பந்தியிடம் கோயிலை இடித்த ரோமப் படையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் கையில் டீயைக் கொடுத்தேன். சர்க்கரை போடாததா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். தங்கை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது நாங்கள் சனிக்கிழமைதோறும் போனில் பேசுகிறோம். ஆளுக்கொரு புத்தகம் படித்துவிட்டுச் சண்டை போடுவோம். இயேசுவை ஏற்றுக்கொண்டும் மோசேயின் சட்டத்தை விடாமல் இருந்த சிறு கூட்டங்களைப் பற்றி ஒரு வாரம் பேசினோம். அவர்களை யூதரும் தங்களோடு சேர்க்கவில்லை, கிறிஸ்தவரும் சேர்க்கவில்லை. கொஞ்சங்கொஞ்சமாக இல்லாமல் போனார்கள். அந்த வாரம் நாங்கள் சண்டை போடவில்லை.

போன வாரம் அவள் ஒன்று கேட்டாள்.

"அக்கா, அந்தக் கோயில் இடியாம இருந்திருந்தா, பிரிஞ்சிருப்பாகளா?"

தெரியவில்லை என்றேன். அறிஞர்களே ஒத்துப்போகாத இடம் அது, நான் என்ன சொல்ல. பிரியாமல் இருந்திருக்கலாம் என்று அவள் சொன்னாள். எப்படியும் பிரிந்திருப்பார்கள், நேரம் மட்டும் கூடியிருக்கும் என்று நான் சொன்னேன். அவள் விடவில்லை. கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று கடைசியில் அவளே போனை வைத்தாள்.

போனை வைத்துவிட்டுப் பந்தலுக்கடியில் நின்றேன். நல்ல கேள்வி. எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. இத்தனை புத்தகம் படித்தவள் நான், அவளுக்கு எப்படித் தோன்றியது என்று அன்று முழுக்க மனசு ஆறவே இல்லை.