இருபத்தொன்பது கிலோ சுமை

2010 ஓகஸ்ட் 7, சனிக்கிழமை. காலையில் கோழிகளைத் திறந்துவிட்டேன். குர்ஆன் ஓதப் போய் வந்தேன். பாணும் சம்பலும் சாப்பிட்டேன். எல்லாவற்றையும் கொப்பியில் நேரத்தோடு எழுதினேன். அப்போது எனக்குப் பத்து வயது. சனிக்கிழமைகளில் வாப்பா அந்தக் கொப்பியை வாசித்துக் கீழே கையெழுத்துப் போடுவார். மூன்று கிழமையாகக் கையெழுத்து இல்லை. அந்த நேரத்தை என் மூத்த சகோதரர் நானாவின் சைக்கிள் எடுத்துக்கொண்டிருந்தது.

எத்தாளையிலிருந்து சிலாபத்து மாமி வீட்டுக்குக் கடற்கரை மணல் வழியாகவே போய்விட வேண்டும் என்பது நானாவின் ஆசை. நோன்பு வர ஒரு கிழமைகூட இல்லை, ஞாயிறே புறப்பாடு. அகலமான டயர் பூட்டியாயிற்று. பின்சக்கரத்துப் பல்சக்கரங்களில் பெரியதற்கு முப்பத்துநான்கு பல். கெரியருக்கு உம்மா பஞ்சு வைத்து மெத்தை தைத்தார். மாமிக்குப் போகும் அரிசி மூட்டைதான் சுமை என்று நினைத்தேன். அதற்கும் மெத்தையா என்று எனக்கு வயிறு எரிந்தது.

இனி வாங்க மிச்சம், மிதியோடு இருக்கும் முன் பல்சக்கரம்.

“முன்னால பல்லு குறைஞ்சாத்தான் மிதி லேசு. நாப்பத்திரண்டு வெச்சா, சுமையோட மணல்ல முழங்கால் போயிரும்,” என்றார் வாப்பா. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் நல்ல கையெழுத்து என்னுடையது. அன்று காலை சிலாபத்துக் கடைக்குப் போகும் வாப்பாவின் தம்பி, சாச்சாவிடம் கொடுக்க, வாப்பா சொல்லச் சொல்ல ஒரு துண்டில் எழுதினேன். முன் பல்சக்கரம், இருபத்திரண்டு பல். பின்னால் சுமை, இருபத்தொன்பது கிலோ. சுமையைச் சரியாக எழுதினேன். இருபத்திரண்டை மட்டும் நாற்பத்திரண்டாக்கினேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு சாச்சா பல்சக்கரத்தை வாங்கிக்கொண்டு வந்தார். நானா சோக்கட்டியால் அடையாளம் போட்டுப் பற்களை எண்ணினார்.

“சாச்சா, ரெண்டு தரம் எண்ணிட்டேன். நாப்பத்திரண்டு.”

“துண்டுல அப்புடித்தானே இரிக்கு. பழசுல நாப்பத்துநாலு. ரெண்டு பல்லு குறைஞ்சிரிக்குத்தானே, சந்தோஷப்படு மகன்.”

வாப்பா துண்டை வாங்கிப் பார்த்தார்.

“மகள், நான் நாப்பத்திரண்டு என்டா சொன்னேன்?”

“ஓம் வாப்பா.”

“அப்ப என்ட வாய்ப் பிழைதான். மகளுக்குப் பிழை வராது.”

மாற்றி வர நாள் இல்லை. நானா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். “அப்ப சுமைய விட்டுட்டுத்தான் போகணும்,” என்றார். உம்மா என்னைப் பார்த்தார். எதற்கென்று விளங்கவில்லை. அன்று மாலை வாப்பா என் கொப்பியில் கையெழுத்துப் போட்டார். நான் வென்றுவிட்டேன்.

நான்கு வருடம் கழித்து, அலுமாரியில் என் பழைய பள்ளிக்கூட மருத்துவ அட்டை அகப்பட்டது. 2010 ஜூலை, எடை, இருபத்தொன்பது கிலோ. அட்டையோடு உம்மாவிடம் போனேன்.

“நீதான் மாமி வீட்டுக்குப் போகணும் என்டு அழுதுட்டே இருந்தாய். சைக்கிள் சரி வந்தாச் சொல்லுவோம் என்டு நானா வாயே திறக்கல்ல.”

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி என் கொப்பியில் முதலில் எழுதியிருப்பது இது: காலை ஐந்தே முக்காலுக்கு நானா கெரியரைக் கழற்றினார். நான் ஓடிப்போய் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன்.