விடாமல் கத்தும் ஆப்

ஆப் ஒன்று போட்டுக்கொள்ளும்படி சண்முகப்பிரியாவுக்கு முதலில் சொன்னவன் நிதிஷ்தான். இதை அவள் ஒருபோதும் மறக்கவில்லை. பிற்பாடு அவனையும் மறக்க விடவில்லை.

நிதிஷ் அவளுடைய கணவன் தரணீதரனின் தம்பி. வீரபாண்டியில் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே குடும்பத்துப் பனியன் கம்பெனி. தையலில் இருந்து பேக்கிங் வரை நிதிஷின் பொறுப்பு. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களிடம் பேசுவதும், அவர்கள் கேட்பதை உள்ளே சொல்லி, சரக்குப் போகும்வரை பின்னாலேயே நிற்பதும் சண்முகப்பிரியாவின் வேலை. யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. பழைய மெயில்களை ஒவ்வொன்றாகப் படித்தே கற்றுக்கொண்டாள். கல்யாணமாகி வந்த மறுவருஷத்தில் இருந்து ஆபீசில் ஜன்னலோர மேஜையும் சக்கரம் வைத்த நீல நாற்காலியும் அவளுடையவை.

குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றில், எப்படித் துவைக்க வேண்டும் என்று சொல்லும் லேபிளை மாற்றச் சொல்லி பையரிடம் இருந்து மெயில் வந்தது. அவள் எழுந்து போய், மெஷின் சத்தத்துக்கு நடுவில் நிதிஷிடம் சொன்னாள். மறுநாளும் சொன்னாள்.

"ஆச்சுங்க அண்ணி" என்றான்.

பழைய லேபிளே தைத்துப் பெட்டி கட்டியாகிவிட்டது. கடைசி நேரத்தில் கண்டுபிடித்து, எல்லாப் பெட்டிகளையும் உடைத்து, லேபிளைப் பிரித்துத் திரும்பத் தைத்தார்கள். கப்பலில் போக வேண்டிய சரக்கு, பல மடங்கு செலவில் விமானத்தில் போனது. மாமனார் கிட்டுசாமி இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"அண்ணி எனக்குச் சொல்லவே இல்லீங்கப்பா" என்றான் நிதிஷ். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். "கொஞ்ச நாளாவே அண்ணிக்கு மறதி ஜாஸ்தியாயிருச்சுங்க. பாவம், ஊட்டு வேலை, கம்பெனி வேலை ரெண்டுங் கூடுச்சுன்னா ஆருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?"

"நான் ரெண்டு தடவை சொன்னனுங்க மாமா."

"சொன்ன மாதிரி தோணிருக்கும் கண்ணு" என்றார் கிட்டுசாமி. கோபமே இல்லாமல் சொன்னார். "நீ கொஞ்ச நாளைக்கு ஊட்டுல இரு சாமி. அவன் பாத்துக்குவான்."

அங்கேயே இருந்த தரணீதரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்ததும் நிதிஷ் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஃபோன்ல ஏதாச்சும் ஒரு ஆப் போட்டுக்குங்க அண்ணி. அது ஞாபகப்படுத்தும்."

அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் அவளுக்கு ஞாபகப்படுத்தத் தொடங்கினார்கள். உப்புப் போட்டாயா என்று மாமியார் தெய்வாத்தாள் கேட்டாள். கேஸை மூடினாயா என்று கணவன் கேட்டான். போட்டதும் மூடியதும் அவளுக்கு நன்றாகத் தெரியும். துணி காயப்போட மாடிக்குப் போனால் கம்பெனி ஜன்னல் தெரியும். நீல நாற்காலியில் நிதிஷ் சாம்பிள் பீஸ்களைக் குவித்து வைத்திருந்தான். அவன் அதில் உட்காரக்கூட இல்லை.

அவன் சொன்னபடியே அவள் ஆப் தேட ஆரம்பித்தாள்.

முதலில் போட்டது அழகான ஆப். ஒரு வேலையை முடித்து டிக் அடித்தால் திரையில் ஒரு செடி இலை விடும், தள்ளிப்போட்டால் வாடும். இரண்டு வாரம் வைத்திருந்தாள். அவளுடைய தோட்டம் செழித்தது. ஆனால் நிதிஷ் ஒரு காடே கருகினாலும் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. எடுத்துவிட்டாள்.

அடுத்தது வேலைகளைக் கலர் கலராக அட்டை போலக் காட்டியது. செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று மூன்று வரிசை. இதை நிதிஷ் கையில் கொடுத்தால் ஏசி அறையில் உட்கார்ந்து எல்லா அட்டைகளையும் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டு, அதை அப்பாவிடம் காட்டிப் பெயரும் வாங்கிவிடுவான். மூன்றாவது, நேரத்தோடு முடித்தால் பாயின்ட் கொடுத்தது. இவனுக்குப் பாயின்ட் வேறா என்று அன்றைக்கே அழித்தாள்.

யூடியூபில் ஆப்களை ஒப்பிட்டுப் பேசிய எல்லோரும், மனசுக்கு அமைதி தரும் ஆப் எது என்றே சொன்னார்கள். அவளுக்கு அமைதி வேண்டியிருக்கவில்லை. அதனால் வேறு மாதிரி தேடினாள். ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டியிருந்தவர்களின் கருத்துகளை மட்டும் படித்தாள். ஒரு ஆப்பின் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "செய்து முடிக்கும்வரை விடாமல் கத்துகிறது. வீடு முழுக்கக் கேட்கிறது." இன்னொருவர்: "நான் டிக் அடித்தால் என் மனைவி ஃபோனில் சத்தமாகச் சொல்கிறது. நிம்மதி போயிற்று."

சண்முகப்பிரியா அதை இறக்கிக்கொண்டாள்.

பார்க்க லட்சணமில்லாத ஆப். ஒரு வேலையை இருவர் ஃபோனுக்கும் சேர்த்துப் போடலாம். நேரம் வந்தால் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் தமிழில் படிக்கும். டிக் அடிக்காவிட்டால் திரும்பத் திரும்பப் படிக்கும். அடித்தால், முடிந்துவிட்டது என்று மற்றவர் ஃபோனில் அறிவிக்கும்.

அதை அவள் நிதிஷுக்குக் காட்டவில்லை. மாமனார் ஃபோனில் போட்டாள்.

"மாத்திரைக்குங்க மாமா. எனக்குத்தான் மறதியாச்சே, நான் மறந்துட்டாலும் இது சொல்லும்."

பிரஷர் மாத்திரையில் தொடங்கி, தென்னைக்குத் தண்ணீர் திருப்புவது, கல்யாணப் பத்திரிகை வந்த வீடுகளுக்குப் போவது என்று எல்லாவற்றையும் போட்டாள். கிட்டுசாமிக்கு அந்தக் குரலைப் பிடித்துப்போயிற்று. 'அந்தப் புள்ள' என்றே சொல்லத் தொடங்கினார். "அந்தப் புள்ள சொல்லிருச்சு, தண்ணி திருப்போணும்" என்று செருப்பை மாட்டுவார். அந்தப் புள்ள சொல்வதில் ஒவ்வொரு வார்த்தையும் மருமகள் அடித்ததுதான். மருமகள் வாயால் சொன்னபோது மறதியாக இருந்தது, ஃபோன் சொன்னால் உண்மையாக இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒரு நாள் மோர் குடித்துக்கொண்டே அவரே கேட்டார்.

"ஏங் கண்ணு, கம்பெனி வேலையெல்லாம் இதுல போட முடியாதா?"

"போடலாமுங்க. பையர் மெயில் இன்னும் எனக்குத்தான் வருது, நான் நிதிஷுக்கு அனுப்பிட்டுத்தான் இருக்கறேன். அதையே இதுலயும் போட்டுடலாம். ஆனா அவரு ஒத்துக்கோணுமே."

நிதிஷ் சிரித்தான். "மாத்திரை ஆப்புல கம்பெனியா? போட்டுக்குங்க, போட்டுக்குங்க. அண்ணிக்கும் பொழுது போகோணுமில்ல."

அன்றைக்கே அவன் ஃபோனிலும் ஆப்பைப் போட்டு, மாமனார் ஃபோனோடு சேர்த்துவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை, பொத்தான் சாம்பிளை பையருக்கு அனுப்பும் வேலையை அவள் போட்டாள். நிதிஷ் ஃபோன் படித்தது. அதன் வாயை மூடவைக்க உடனே டிக் அடித்தான். வேலை சொன்னால் "ஆச்சுங்க" என்பவனுக்கு டிக் அடிப்பது இன்னும் சுலபம்.

வீட்டு வாசலில் கிட்டுசாமி ஃபோன் அறிவித்தது: "நிதிஷ். பொத்தான் சாம்பிள். முடிந்தது."

தோட்டத்து விவசாயத்தை விட்டுத் தொழிலுக்கு வந்த காலத்தில், தைத்ததைச் சோதிக்கும் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து வேலை கற்றவர் கிட்டுசாமி. முடிந்தது என்று எதைச் சொன்னாலும் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும் அவருக்கு. சண்முகப்பிரியா இதை நன்றாக அறிவாள். அவர் சந்தோஷமாகவே கம்பெனிக்குள் போனார்.

"முடிச்சுப்போட்டியாமா சாமி? அந்தப் புள்ள சொல்லுச்சு. கொண்டா பாப்பம்."

"வண்டில ஏத்தியாச்சுங்கப்பா."

லைன் சூப்பர்வைசர் சகாயராஜ், திருநெல்வேலிக்காரர், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு திரும்பினார். "ஐயா, வண்டி வாசல்லதான் நிக்கி. டிரைவரு டீ குடிக்கப் போயிருக்காரு. எடுத்தாரட்டா?"

வண்டியில் எதுவும் இல்லை. ஓவர்லாக் மெஷின்களில் இருந்த பெண்கள் தலை நிமிராமல் தைத்தார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

மறுநாளில் இருந்து நிதிஷ் டிக் அடிப்பதை நிறுத்தினான். அடிக்காவிட்டால் இரண்டு ஃபோன்களும் கத்தின. கிட்டுசாமி சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே கூப்பிடுவார்: "அந்தப் புள்ள தொண்டை காஞ்சு போகக் கத்துது, நீ என்ன பண்ணிட்டு இருக்கற?" அடித்தால் நேரில் வந்து நிற்பார். ஃபோனை ஊமையாக்கினாலும் பயனில்லை; அப்பாவின் ஃபோன் ஊமையில்லை. பொய்யாக ஒரு வேலையைக்கூட சண்முகப்பிரியா போடவில்லை. எல்லாம் அவன் செய்தே ஆக வேண்டியவை. அதில்தான் அவளுக்கு ருசி இருந்தது. மாடியில் துணியை உதறியபடி, மாமனார் கம்பெனிப் படியேறுவதை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் கிளிப் மாட்டுவாள்.

"போதும், விடு" என்றான் தரணீதரன். "அவன் மொகமே வாடிப்போச்சு."

"இத்தன மாசமா என்ற மொகம் எப்படி இருந்துச்சுன்னு நீங்க பாத்தீங்களா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

கடைசியில் நிதிஷ் சமையலறை வாசலுக்கு வந்தான். "அண்ணி, அப்பா ஃபோன்ல இருந்து அந்த ஆப்ப எடுத்துப்போடுங்க. டெய்லருங்க எல்லாம் எம்பட முதுகுக்குப் பின்னால 'முடிந்தது, முடிந்தது'ன்னு அதே கொரல்ல பேசறாங்க."

அவள் தோசையைத் திருப்பினாள். "நீங்கதானுங்க கொழுந்தனாரே ஆப் போடச் சொன்னீங்க."

"தெரியாம சொல்லிட்டனுங்க."

"லேபிள் சங்கதி நான் சொன்னது தெரியுமுங்களா, தெரியாதுங்களா?"

"அது பழைய கதைங்க அண்ணி."

"எனக்கு இன்னும் புதுசாத்தான் இருக்குது. மாமா முன்னால, அத்த முன்னால சொல்லுங்க. அப்புறம் ஆப்ப எடுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான். அவள் யாருக்கும் குழம்பு ஊற்றாமல், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டாள்.

"அண்ணி எங்கிட்டச் சொன்னாங்கப்பா. ரெண்டு தடவை சொன்னாங்க. நாந்தான் உட்டுப்போட்டேன்."

கிட்டுசாமி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். "அப்ப அன்னிக்கு என்ற முன்னால நின்னு பொய் சொன்னயா சாமி?" என்றார். அவன் தலை குனிந்திருந்தது. தெய்வாத்தாள் அன்றைக்கு யாரிடமும் உப்பைப் பற்றிக் கேட்கவில்லை. கை கழுவும்போது கிட்டுசாமி மருமகளிடம் சொன்னார்: "நாளைக்கு வெடிஞ்சதும் கம்பெனிக்கு வந்துரு கண்ணு."

மன்னித்துக்கொள் என்று அவரும் சொல்லவில்லை. அதையும் அவள் மனதில் வைத்துக்கொண்டாள்.

காலையில் நீல நாற்காலியை நிதிஷே தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலோரம் போட்டான். அவள் அதைத் துடைத்தாள். சகாயராஜ் கொண்டுவந்த துணியை வாங்கி இன்னொரு முறையும் துடைத்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னாலேயே ஆபீசுக்கு வந்திருந்த கிட்டுசாமியின் ஃபோன் அடுத்த அறையில் பேசியது: "நினைவூட்டல். நிதிஷ். லேபிள் சரிபார்ப்பு. இன்று."

நிதிஷ் மேஜைக்கு அருகில் குனிந்து மெதுவாகக் கேட்டான். "அண்ணி, எடுக்கறேன்னீங்களே?"

சண்முகப்பிரியா கம்ப்யூட்டரைப் போட்டாள். மெயில் திறக்கும்வரை காத்திருந்து, பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடடா, மறந்தே போயிட்டனுங்க. எனக்குத்தான் மறதி ஜாஸ்தியாச்சே."