லயத்து விலாசம்

பதுளை அரசாங்கக் கச்சேரியில் மானியப் படிவத்தோடு நான் காத்திருந்த வாங்கில்தான் ஒரு தையற்காரரும் உட்கார்ந்திருந்தார். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருப்பவர். சட்டைக் கொலரில் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருந்தது. பேச்சு நின்றபோதெல்லாம் விரல் அதைத் தொட்டுப் பார்த்தது.

சொந்தத் தையல் மெஷினுக்கு மானியம் கேட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம், லயத்துக் கடிதங்களெல்லாம் வந்து சேரும் தோட்டத்து ஆபீசிலேயே கிடந்து, வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில்தான் கைக்குக் கிடைத்ததாம். தேதி போய்விட்டது, புதிதாக எழுதிக் கொடு என்று கிளார்க் இன்னொரு படிவத்தை நீட்டியிருந்தார். இப்படி ஆவது இது மூன்றாவது தடவை.

கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

"பண்டாரவளையில என் கடை விலாசத்தைப் போடுங்க. கடுதாசி வந்த அன்னிக்கே சொல்லி அனுப்புறேன்."

"வேணாங்க மொதலாளி. பொறந்ததுலேருந்து அந்த லயத்துக் காம்பராவுலதான் இருக்கேன். அதை எழுதலைன்னா நான் எங்கதாங்க இருக்கேன்?"

என் பேனையையே வாங்கி, லயத்து நம்பரையும் காம்பரா நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதினார். அந்தப் பிடிவாதத்தின் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

பிறகு, என்னை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் உரிய நாளுக்கு முன்பே கடைக்கு நேராக வந்து சேர்ந்தது. அதைப் பிரிக்க வெகுநேரம் எனக்கு மனம் வரவில்லை.