மூன்றாம் தறியின் நாடா

அன்று தறிக் கொட்டகையில் இருந்தவர்கள்: நான், நாலாம் தறியில் என் மனைவி, மூன்றாம் தறியில் அல்லைப்பிட்டி அக்கா, முதலாம் இரண்டாம் தறிகளில் மடத்துவெளியிலிருந்து வரும் சகோதரிகள் இருவர், மேசையில் மேற்பார்வையாளர், வாசலில் அல்லைப்பிட்டி அக்காவின் கணவர். எல்லாமாக ஏழு பேர். வாசலுக்கு வெளியே ஓர் ஆடும் நின்றது. பிறகு யாராவது விசாரித்தால் சொல்ல வேண்டுமே என்று அதையும் எண்ணி வைத்திருந்தேன். ஒருவரும் விசாரிக்கவில்லை.

சரவணை ஊரிலிருந்து வெளிநாடு போன எங்கள் முதலாளி தன் காணியில் கட்டிய கொட்டகை அது. பழைய விசைத்தறிகள் நாலு. பின்னால் வேலையாட்களுக்கு வரிசையாக ஐந்து அறைவீடுகள், பொதுவாக ஒரு கிணறு. இரண்டாவது வீட்டில் நாங்கள் இருக்கிறோம். தறிகளைப் பழுது பார்ப்பதும், உடைந்த துண்டுகளை லேத்தில் கடைந்து எடுப்பதும், கிணற்று மோட்டாரைத் திட்டுவதும் என் வேலை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கணக்குப் பரீட்சைக்குப் பயந்துதான் விட்டேன். பிறகு வாழ்நாள் முழுக்க மில்லிமீற்றரில் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்தது. எந்தத் துண்டையும் மூன்று தரம் அளப்பேன். வீட்டுக்குப் போன பிறகு அளந்தது சரியோ என்று திரும்பி வந்து நாலாம் தரமும் அளப்பேன். கடற்காற்றில் எல்லாம் கறள் பிடிக்கிற ஊரில் இது வியாதி இல்லை என்பது என் கட்சி. மனைவி வேறு கட்சி.

நூலைச் சுமந்துகொண்டு தறியில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடுகிற மரக்கட்டையை நாடா என்போம். இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். ஒழுங்காக ஓடினால் துணி வரும். எங்கேயாவது ஒரு நூல் தடக்கினால் நாடா தறியை விட்டுப் பக்கவாட்டில் பறக்கும். பக்கத்துத் தறியில் நிற்கிறவரின் முகம் அநேகமாக அந்த உயரத்தில் இருக்கும்.

ஆவணியில் ஒருநாள் மூன்றாம் தறியின் நாடா அப்படிப் பறந்து, என் மனைவியின் காதோரமாகப் போய், சுவர்க் கலண்டரில் குத்தி நின்றது. என் மனைவிக்கு இடக்கண் சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. இருப்பது வலக்கண் ஒன்றுதான். நாலாம் தறியில் அவர் நிற்கும்போது அந்த வலக்கண்தான் மூன்றாம் தறிப் பக்கம் இருக்கும். இதை நான் ஒரு கடதாசியில் கீறிப் பார்த்தேன். எப்படிக் கீறினாலும் அப்படித்தான் வந்தது.

தறியை மாறி நிற்கச் சொன்னேன்.

"நாலாம் தறி எனக்குப் பழகின தறி. அதின்ர சத்தத்திலையே எந்த நூல் அறுந்ததெண்டு சொல்லுவன். மற்றத் தறியெண்டா கண்ணாலை பாக்கோணும். இருக்கிற ஒண்டையும் ஏன் வீணாக்குவான்?" என்றார்.

ஆகவே தறிகளின் பக்கத்துக்கு மறைப்புப் போடுவதென்று முடிவெடுத்தேன். அல்லைப்பிட்டி அக்காவின் கணவர் நண்டுத் தொழில் செய்கிறவர். நண்டுக்கூடு கட்டுகிற கம்பிவலை அவரிடம் சுருளாக இருந்தது. உப்புத் தண்ணீருக்கே கறள் பிடிக்காத வலை. இருபத்துநாலாயிரம் ரூபா சொன்னார். ஐயாயிரம் கொடுத்து, மிச்சத்தை முதலாளியிடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி எடுத்தேன். முதலாளியிடம் அப்போது கேட்டிருக்கவில்லை.

நாலு தறிக்கும் நாலு மறைப்பு. இரும்புச் சட்டம், அதில் வலை, ஒவ்வொரு மறைப்புக்கும் நாலு நட்டு. இரண்டு நட்டே போதும். ஒன்று கழன்றால் மற்றது தாங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கழன்றால் என்ன செய்வது என்று யோசித்து நாலு போட்டேன்.

பிழை அங்கேதான் நடந்தது. நூல் அறுந்தால் முடிச்சுப் போடக் கையைப் பக்கத்தால்தான் விட வேண்டும். ஒவ்வொரு தரமும் நாலு நட்டைக் கழற்றி, முடிச்சுப் போட்டு, நாலையும் திரும்பப் பூட்ட வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கூலி மீற்றர் கணக்கில். முதல் கிழமை சம்பளத்தை வாங்கிப் பார்த்துவிட்டு நாலு பேரும் ஒன்றாக என்னைத் தேடி வந்தார்கள்.

"அண்ணை, நண்டைப் பிடிச்சால் கூட்டுக்குள்ள விடலாம். எங்களை ஏன் விட்டனீங்கள்?" என்றார் சகோதரிகளில் மூத்தவர்.

"நண்டுக்காவது இரை வைப்பினம்," என்றார் இளையவர்.

 என் மனைவி அன்று சோற்றுக்குக் குழம்பு வைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருவரும் முறையிடவில்லை. நான் கொட்டகைக்குள் வரும்போதெல்லாம் மறைப்புகள் ஒழுங்காகப் பூட்டியிருந்தன. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. என் மோட்டச்சைக்கிள் சத்தம் ஒழுங்கை முகப்பிலேயே கேட்கும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஒருநாள் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன். அந்த நாளில் இருந்தவர்களைத்தான் மேலே சொல்லியிருக்கிறேன்.

வாசலில் அல்லைப்பிட்டி அக்காவின் கணவர் நின்றார். காலையில் மனைவியைக் கொண்டுவந்து விடுகிறவர் அன்று பத்து மணியாகியும் போகவில்லை.

"என்ன அண்ணை, முதலாளி போன் எடுத்தவரோ?" என்றார்.

"நாளைக்கு எடுப்பார்."

"நாளைக்கெண்டுதான் போன மாசமும் சொன்னனீங்கள்."

உள்ளே போனேன். நாலு தறியும் ஓடின. நாலு மறைப்பும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நட்டுகள் ஒரு பால்மா ரின்னுக்குள் கிடந்தன. ரின் மூன்றாம் தறிக்கும் நாலாம் தறிக்கும் நடுவே நிலத்தில் இருந்தது. முதலில் சத்தம் போட்டிருக்கலாம். தறிகளை நிற்பாட்டச் சொல்லியிருக்கலாம். நான் குனிந்து நட்டுகளை எண்ணினேன். பதினாறு இருக்க வேண்டும். பதினைந்துதான் இருந்தன.

"ஒரு நட்டைக் காணேல்லை," என்று சொல்லிக்கொண்டு நிமிர்ந்தேன்.

நாடா என் இடது புருவத்துக்கு மேலே பட்டது. ஓடி வந்து தாங்கினேன் என்று பிறகு மடத்துவெளியில் கதை உலாவியதாம். அப்படி இல்லை. நட்டுக் கணக்கு முடியாமல் இருந்திருந்தால் இன்னும் குனிந்துதான் இருந்திருப்பேன். நிலத்தில் இருந்தபடி திரும்பிப் பார்த்தேன். நேர் பின்னால் என் மனைவி நின்றார். வலப்பக்கம் இந்தப் பக்கமாக. கடதாசியில் கீறியது போலவே.

தறிகள் எல்லாம் நின்றன. அல்லைப்பிட்டி அக்கா, "மாதாவே, நான் வேணுமெண்டு விடேல்லை," என்று அழத் தொடங்கினார்.

அவருடைய கணவர் வாசலிலிருந்து ஓடி வந்தார். "நான் காசு கேக்கத்தான் வந்தனான். அடிக்கச் சொல்லி இவளுக்குச் சொல்லேல்லை," என்றார்.

மேற்பார்வையாளர் முதலில் நாடாவை எடுத்து முனை உடைந்திருக்கிறதா என்று பார்த்தார். உடையவில்லை.

மனைவியும் அல்லைப்பிட்டி அக்காவின் கணவரும் என்னை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு தையல். மனைவி பக்கத்தில் இருந்து என் சேட்டில் ஊறிய இரத்தத்தைத் தன் சால்வையால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் அதிலை நிக்காட்டி?" என்றார்.

"ஓம்."

"அப்ப நான்தான்."

"ஓம்."

சால்வையை மறுபக்கம் திருப்பி மடித்தார். "அந்தப் பதினாறாவது நட்டு எங்கடை வீட்டு யன்னல் கொக்கியிலை இருக்கு. நான்தான் எடுத்தனான்," என்றார்.

திரும்பி வரும்போது முன்சீற்றில் இருந்த நண்டுக்காரர் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "அண்ணை, நண்டுக்கூட்டுக் கதவுக்கு நாங்கள் நட்டுப் போடுறதில்லை. நாளுக்கு நூறு கூடு திறந்து பூட்டோணும். பழைய சைக்கிள் ரியூப்பிலை ஒரு பட்டி, நுனியிலை ஒரு கொக்கி. ஒரு கையாலை இழுத்தாத் திறக்கும், விட்டாப் பூட்டும். வலையை வாங்கினனீங்கள், கதவைக் கேக்கேல்லை."

நெற்றியில் கட்டோடு இரண்டு நாள் வேலை செய்தேன். சட்டத்தின் மேல் விளிம்புக்குக் கதவுப் பிணைச்சல் வைத்து, கீழே ரியூப் பட்டியும் கொக்கியும் போட்டேன். கையால் தூக்கினால் மறைப்புத் திறக்கும். விட்டால் தானாக விழுந்து பூட்டும். என் மனைவி நாலு தரம் திறந்து பூட்டிப் பார்த்தார். அளவு விஷயத்தில் அவர் நாலு தரம் பார்த்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் முறை. அந்தக் கிழமை மீற்றர் கணக்கு பழையபடி வந்துவிட்டது. வண்டியை இன்னும் இடைக்கிடை உருட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன். மறைப்புகள் பூட்டித்தான் இருக்கின்றன. கார்த்திகையில் மூன்றாம் தறியின் நாடா ஒருமுறை பறந்து வலையில் முட்டி விழுந்தது. மனைவி திரும்பியும் பார்க்கவில்லை.

முதலாளியிடம் கேட்டேன். கட்டுப் போட்ட நெற்றியைப் போனில் காட்டச் சொன்னார். காட்டினேன். வலைக்காசில் பாதி, பன்னிரண்டாயிரம் அனுப்பினார். அதை அப்படியே நண்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். வலையில் மிச்சம் ஏழாயிரம். அவரிடம் வாங்கிய கொக்கி நாலுக்கு ஆயிரத்து நானூறு. ரியூப் பழையது என்பதால் அதற்குக் காசு எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன ஓட்டோக் காசு ஆயிரத்து ஐந்நூறையும் அன்று அவர்தான் கொடுத்தார். என் கண்ணுக்காகப் போட்டது, நான்தான் கட்டுவேன் என்கிறார் மனைவி. என் நெற்றியும் அதில் இருக்கிறது என்கிறேன் நான். அது முடிவாகும் வரை அல்லைப்பிட்டிக்காரர் ஒவ்வொரு காலையும் தன் மனைவியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். கொடுக்க இருப்பது ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபா.