கஸ்தூரியக்காவின் பூஜ்யங்கள்

வகுப்புத் தோழர்களே, தோள்வலியால் அன்றாட வேலை எவ்வளவு தடைபடுகிறது என்று அறிய உதவும் ஓர் ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கி, எங்கள் அம்பத்தூர் பிசியோதெரபி கிளினிக்கில் சோதித்துக்கொண்டிருக்கிறேன். சிரமமே இல்லை என்றால் பூஜ்யம், செய்யவே முடியவில்லை என்றால் பத்து. ஒரே ஆளிடம் ஒரு வாரம் விட்டு இரண்டு முறை கேட்க வேண்டும். பதில்கள் ஒத்துவந்தால் தமிழாக்கத்தை நம்பலாம்.

திருமழிசை கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஓட்டும் கஸ்தூரியக்கா, போன வாரம் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் சொன்னார்.

தலைக்குக் குளிக்கச் சிரமமா? பூஜ்யம். பரண்மேல் பாத்திரம் வைக்க? பூஜ்யம்.

இன்று தனியாக மறுபடி வந்தார். அதே கேள்விகளுக்கு எட்டு, ஒன்பது என்று சொல்லிக்கொண்டே போனார். ஜாக்கெட் போட முழுசாகப் பத்து.

தமிழாக்கத்தில்தான் கோளாறோ என்று இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"அக்கா, போன வாரம் கேள்வி புரியலையா?"

"புரியாம இன்னாம்மா? சூப்பர்வைசர் பக்கத்துல குந்திகினு இருந்தாரே. வலி கீதுன்னா நாளைலருந்து வராதன்னுடுவாரு."

"அப்போ எது நிஜம்?"

"இன்னிக்குச் சொன்னதுதான். கம்பெனில சொல்லிடாதம்மா."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, தோளைப் பார்த்தேன். காதுவரைகூடக் கை எழவில்லை. பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு தாள்களையும் கிழிக்காமல் கோப்பில் வைத்திருக்கிறேன். இந்தச் சோதனையை மேற்பார்க்கும் எங்கள் சார், பதில்கள் ஒத்துவரவில்லை என்று நிச்சயம் திட்டுவார்.

நாளை முதல் கூட வருகிறவர்களை வெளியே உட்காரவைக்கப் போகிறேன். சூப்பர்வைசர்களை மரியாதையாக எழுப்பி அனுப்பத் தெரிந்தவர்கள் நம் வகுப்பில் யாராவது இருந்தால், உடனே பதில் மெயில் போடுங்கள்.